இலவச ரிசார்ட்டும் என் இல்லற வாழ்க்கையும்

என்னைக் கஞ்சன் என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதே இல்லை. கோபப்பட்டால் பிரஷர் ஏறும். பிரஷர் ஏறினால் டாக்டர், மாத்திரை, ஆட்டோ என்று வீண் செலவு. தாம்பரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க் வேலை, முடிச்சூரில் வாடகை வீடு, ஒரு மனைவி, ஒரு மகள். இப்படி இருப்பவன் கஞ்சனாக இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் லீவுக்கு ஊர் சுற்றும் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன் (மனைவி பக்கத்து அறையில்தான் இருக்கிறாள், அவளுக்கும் கேட்கட்டும்).

அந்த வருஷம் கோடை லீவு ஆரம்பித்த அன்றைக்கே வீட்டில் அனல் அடித்தது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கும் என் மச்சான், அதாவது என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன், குடும்பத்தோடு தாய்லாந்து போய் யானை மேல் உட்கார்ந்து ஸ்டேட்டஸ் போட்டிருந்தார். நான் சாப்பிடும்போது ஸ்டெல்லா அந்தப் படத்தோடு போனை எதிரே இருந்த சாம்பார் கிண்ணத்தில் சாய்த்து வைத்துவிட்டு நின்றாள்.

"நான் தாய்லாந்தா கேட்டேன்? கல்யாணமானதுல இருந்து ஒரே ஒரு ஆசைதான். கடல் சத்தம் கேட்டுக்கிட்டே ஒரு ராத்திரி தூங்கணும். இதோ இருக்கற கோவளம். இந்த லீவுலயும் இல்லைன்னா நானும் ஜெனியும் பாளையங்கோட்டைக்கு எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறோம். ஸ்கூல் திறக்கும்போது வந்தா போதும்ல?"

கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். நிதானமாகச் சொன்னாள். அதனால்தான் பயந்துபோனேன். உடனே ஈசிஆர் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு போன் போட்டேன். ஒரு ராத்திரிக்கு அவர்கள் சொன்ன வாடகை எங்கள் வீட்டின் ஒரு மாத வாடகையைத் தாண்டியது. "மாசத்துக்கா சார்?" என்று கேட்டேன். வைத்துவிட்டார்கள்.

இந்தக் கவலையோடு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனேன். எங்கள் சபையில் பிரசங்கம் முடிந்ததும் அறிவிப்புகள் வாசிப்பார்கள். யார் வீட்டில் ஜெபக்கூட்டம், யாருக்குப் பிறந்தநாள் என்று அது நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் நைசாக வெளியே போய் ஸ்கூட்டரை கேட்டைப் பார்த்துத் திருப்பி நிறுத்திவிட்டு வருவது என் வழக்கம் (ஆராதனை முடிந்ததும் நெரிசலில் மாட்டினால் பெட்ரோல் வீண்). அன்றும் அப்படித்தான் போய்விட்டு வந்தேன். உள்ளே நுழையும்போது என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"...கோவளம் கடற்கரை அருகில் உள்ள இல்லத்தில் மூன்று நாட்கள். தங்குமிடம், உணவு முற்றிலும் இலவசம். பிள்ளைகளையும் அழைத்து வரலாம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் பாஸ்டரைத் தனியாகச் சந்திக்கவும்."

எனக்குப் புல்லரித்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் ஸ்கூட்டரைக்கூட மறந்து பாஸ்டரிடம் ஓடினேன். வேறு யாரும் வரவில்லை. 'இந்த ஜனங்களுக்கு விவரம் போதாது' என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்டர் என் தோளில் கை வைத்தார். "நீங்களா பிரதர்? நான் எதிர்பார்க்கவே இல்ல. வெளியில பார்த்தா ஒண்ணுமே தெரியலையே."

"நிலைமை அப்படி, ஐயா. வெளியில சொல்லிக்க முடியுமா?"

"வீட்ல சிஸ்டருக்குத் தெரியுமா?"

"தெரியாது ஐயா. அங்க போனதும் தெரிஞ்சுக்கட்டும். சர்ப்ரைஸ்."

பாஸ்டர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். "இப்போதைக்கு ரெண்டு பேரும் ஒரே வீட்லதான் இருக்கீங்களா?"

"ஆமா ஐயா, இன்னொரு வீட்டுக்கு வாடகை எப்படிக் கொடுக்கறது?" என்றேன். அவர் என் கையைப் பிடித்து அங்கேயே ஜெபம் செய்தார். இலவசமாகத் தருகிறவர்கள் இவ்வளவு அன்பாகவும் இருக்கிறார்களே என்று நெகிழ்ந்துபோனேன்.

வீட்டில் "ரிசார்ட் புக் பண்ணிட்டேன்" என்றதும் ஸ்டெல்லா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று உறுதியான பிறகுதான் சிரித்தாள். தாம்பரம் மார்க்கெட்டில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கிக்கொண்டாள். ஜெனிக்கு ஒரு நீச்சல் டியூப். அந்தப் பெண் வீட்டிலேயே அதை ஊதி இடுப்பில் மாட்டிக்கொண்டு, கேளம்பாக்கம் பஸ்ஸில் அப்படியே ஏறினாள். கண்டக்டர் கடுப்பாகிவிட்டார். "இன்னாபா இது, பாப்பாவுக்கு ஒரு சீட்டு, டியூப்புக்கு ஒரு சீட்டா? காத்தைப் புடுங்கி வுடு!" நான் ஒரு ராஜாவைப் போல் புன்னகைத்தேன். அன்று யார் திட்டினாலும் எனக்கு உறைத்திருக்காது.

கோவளத்தில் இறங்கி நடந்தோம். அழகான பழைய கட்டடம், சுற்றிலும் சவுக்கு மரங்கள். வாசலில் ஹெலன் ஆன்ட்டி என்ற ரிட்டையர்டு ஹெட்மிஸ்ட்ரஸ் நின்றிருந்தார். ஸ்டெல்லாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தைரியமா இரும்மா. இங்க வந்து யாரும் கண்ணீரோட திரும்பினதில்ல" என்றார்.

"ரிசார்ட்ல எவ்வளவு நல்லா பேசறாங்க, பாருங்க" என்று ஸ்டெல்லா என் காதில் சொன்னாள்.

அடுத்து ஆன்ட்டி, "பிரதர் அந்தப் பக்கம், ஆண்கள் விடுதி. சிஸ்டர் இந்தப் பக்கம். பிள்ளைங்க எல்லாம் என்கூட. நாளைக்கு வரைக்கும் ரெண்டு பேரும் தனியாப் பேசிக்க வேண்டாம்" என்றார். ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிய ஓணானைப் பார்த்தேன்.

ஆண்கள் விடுதியில் ஐந்தாறு பேர் இழவு வீட்டில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பெருங்களத்தூர்க்காரர் ஒருவர், "உங்களுது எத்தனை நாளா சார்?" என்று கேட்டார். "மூணு நாள்" என்றேன். "மூணு நாள்லயே வந்துட்டீங்களா! நாங்க ஒன்றரை வருஷமாப் பேசிக்கிறது இல்ல சார்" என்றார்.

ஹாலுக்குள் போனதும்தான் விஷயம் புரிந்தது. மேடைக்கு மேலே பெரிய பேனர்: 'பிரிவின் விளிம்பில் நிற்கும் தம்பதியருக்கான சிறப்பு முகாம்.' எதிர் வரிசையில் ஸ்டெல்லா கூலிங் கிளாஸைக் கழற்றி அதை ஒருமுறை படித்தாள். துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொருமுறை படித்தாள். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள். அங்கே கூடியிருந்த தம்பதிகளில் ஒரு சண்டையும் இல்லாமல் வந்து சேர்ந்தது நாங்கள் மட்டும்தான். அந்த நிமிஷத்தோடு அந்தப் பெருமையும் போய்விட்டது.

அன்று முழுக்க ஜெபம், உபதேசம், கஞ்சி. வெயிலில் கண் கூசுகிறது என்று ஹாலின் கடல் பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை போட்டிருந்தார்கள். ராத்திரி ஏசி சத்தத்திலும் பெருங்களத்தூர்க்காரர் குறட்டையிலும் கடல் இருக்கிற திசைகூடத் தெரியவில்லை. பெண்கள் பக்கமும் அதே கதை என்று மறுநாள் ஸ்டெல்லாவின் முகத்திலேயே எழுதியிருந்தது. இவளுக்குச் செய்துகொடுத்த ஒரே ஒரு காரியத்தையும் இப்படிக் கெடுத்துவிட்டோமே என்று உண்மையாகவே எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலையில் முக்கியமான கூட்டம், தம்பதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். மனைவி எழுந்து கணவன் மேலுள்ள குறைகளை எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். கணவன் குறுக்கே பேசக்கூடாது. யாரும் எழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டெல்லா எழுந்தாள்.

"ஹனிமூனுக்கு வண்டலூர் ஜூவுக்குக் கூட்டிட்டுப் போனார். சிங்கத்தைப் பார்க்க தனி டிக்கெட்டுன்னதும், 'சிங்கம் பகல்ல தூங்கும், வேணாம்'னு சொல்லிட்டார்."

பின்னால் யாரோ களுக்கென்றார்கள்.

"ஹில் ஸ்டேஷன் கேட்டேன். குன்றத்தூர் மலையடிவாரத்துல ஸ்கூட்டரை நிறுத்தி, 'காத்து எப்படி வருது பாரு'ன்னார். ஃபிளைட்ல போகணும்னேன். பல்லாவரத்துல ஒரு சந்துக்குள்ள கூட்டிட்டுப் போய், தலைக்கு மேல ஃபிளைட் இறங்கறதைக் காட்டினார். ஊட்டி கேட்ட வருஷம் ஏசி மால்ல அஞ்சு மணி நேரம் உக்கார வெச்சார். எல்லாத்தையும் விடுங்க. கல்யாணமான புதுசுல முடிச்சூர்ல வெள்ளம் வந்துச்சே, கழுத்தளவு தண்ணி, மொட்டை மாடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கறோம். இவர் சுத்தியும் பார்த்துட்டு, 'கேரளா போட் ஹவுஸ் மாதிரியே இருக்குல்ல ஸ்டெல்லா'ன்னார்!"

ஹால் வெடித்துவிட்டது. பெருங்களத்தூர்க்காரரின் மனைவி சிரிப்பை அடக்க முடியாமல் ஒன்றரை வருஷமாகப் பேசாத தன் புருஷன் தோளில் ஓங்கி அடித்து, "நீங்களும்தான் மால்ல உக்கார வெச்சீங்க!" என்றார். "அந்த ஏசிக்கே உனக்கு ஜலதோஷம் புடிச்சுதே" என்று அவர் திருப்பிக் கேட்டார். பேசிவிட்டோம் என்பது இருவருக்கும் அப்புறம்தான் உறைத்தது.

"இப்ப பிரதர் பதில் சொல்லலாம்" என்றார் ஹெலன் ஆன்ட்டி.

எழுந்தேன். "எல்லாம் உண்மை. இதையும் இலவச ரிசார்ட்டுன்னு நெனச்சுத்தான் கூட்டிட்டு வந்தேன். அறிவிப்பு வாசிக்கும்போது ஸ்கூட்டரைத் திருப்பப் போயிருந்தேன். எங்களுக்குள்ள வேற சண்டை இல்ல ஆன்ட்டி. அவளுக்குக் கடல் சத்தம் கேட்டுக்கிட்டே தூங்கணும். அது எனக்குத் தெரியும். அதைக் காசில்லாம எப்படிச் செய்யறதுன்னுதான் தெரியல."

சிரிப்பு நின்றது. ஸ்டெல்லாவின் முகம் மாறியது. ஆன்ட்டி அவளைப் பார்த்து, "சிஸ்டர், நீ என்ன சொல்றே?" என்றார்.

"எனக்கு நியாயம் எல்லாம் வேணாம் ஆன்ட்டி. திரையைத் திறங்க, போதும்."

ஆன்ட்டி தானே போய்த் திரைகளை இழுத்துவிட்டார். ஜன்னல் நிறையக் கடல். மத்தியான உபதேசத்தை ரத்து செய்துவிட்டு அத்தனை தம்பதிகளையும் மணலுக்கு விரட்டினார். படகிலிருந்து அப்போதுதான் வந்த வஞ்சிர மீனைக் கூடையோடு ஒரு அம்மா கொண்டுவர, சமையல்காரர் கஞ்சிப் பானையை ஓரம்கட்டினார். விடுதி விதிகளும் அன்றோடு காலி. கடலைப் பார்த்த வராந்தாவில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். ஜெனியை நடுவில் போட்டுக்கொண்டு படுத்தோம். ஸ்டெல்லா அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டாள். தாய்லாந்து யானை மேல் உட்கார்ந்தவருக்குக்கூட அப்படி ஒரு கர்வம் இருந்திருக்காது, எனக்கு இருந்தது.

அடுத்த ஞாயிறு சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். ஸ்டெல்லா ஒன்றையும் மறைக்காமல் ஸ்கூட்டர் உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். சபையே குலுங்கியது. "யாரை எதைக் காட்டிக் கூப்பிடணும்னு ஆண்டவருக்குத் தெரியும்" என்றார் பாஸ்டர். எங்களால்தான் மற்ற தம்பதிகள் வாயைத் திறந்தார்கள் என்று ஹெலன் ஆன்ட்டி ஒரே பிடியாக நின்று, ஒவ்வொரு மே மாதமும் முகாமைத் தொடங்கிவைக்க எங்களை அழைக்க ஏற்பாடு செய்துவிட்டார். வராந்தாப் பக்கத்து அறை, மூன்று வேளை சாப்பாடு, எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரே நிபந்தனைதான். வருஷா வருஷம் ஸ்டெல்லா என் மேல் புதிதாக ஒரு குறை சொல்ல வேண்டும், பழசையே சொன்னால் கூட்டம் சிரிக்காது.

அதனால் இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் சண்டையே நடப்பதில்லை. போன வாரம் கல்யாண நாளுக்கு, கொச்சியில் ஓடும் வாட்டர் மெட்ரோ படகு மாதிரி இருக்கும் என்று சொல்லி, மழைத் தண்ணீர் தேங்கிய சப்வே வழியாக அவளையும் ஜெனியையும் மாநகரப் பேருந்தில் கூட்டிப்போனேன். பஸ் நடுவில் நின்றுவிட்டது. ஸ்டெல்லா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி, "ஜெனி, இதை ஞாபகம் வெச்சுக்கோ. இது மே மாசத்துக்கு!" என்றாள்.