மாமனாரை ஷிப்டுக்கு அனுப்பிய அக்கார்டியன்

பெண் பார்க்கப் போகும் வீட்டில் பெண்ணைத்தான் பாடச் சொல்வார்கள் என்ற நம்பிக்கையில் போகாதீர்கள். நான் போய் மாட்டிக்கொண்டவன்.

நான் அக்கார்டியன் வாசிப்பவன். (மார்பில் மாட்டிக்கொண்டு இழுத்து அமுக்கி வாசிக்கும் பெட்டி. என் அம்மா சொல்வது "நிக்க வச்ச ஆர்மோனியம்".) எங்கள் ஊர் அனல்மின் நிலையத்துக்கு வந்திருந்த ரஷ்ய இன்ஜினியர் ஒருவர் ஊர் திரும்பும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. கூடப் படித்தவர்கள் ஐடிஐ சேர்ந்தபோது, நான் இணையத்தைப் பார்த்து ரஷ்ய கிராமத்துப் பாட்டுகளும் யூதர்களின் கல்யாண மெட்டுகளும் பழகினேன். சனி, ஞாயிறு பாண்டிச்சேரி ஓட்டல்களில் வாசிப்பேன். மற்ற நாட்களில் "வேற என்ன பண்றீங்க" என்பவர்களுக்குப் பதில் சொல்வேன்.

மலர்விழியும் நானும் ஏற்கெனவே பேசி முடிவு செய்திருந்தோம். பாக்கி அவள் அப்பாவின் சம்மதம்தான். சுரங்கத்தில் கன்வேயர் ஆபரேட்டர். அன்று அவருக்கு ரெண்டு மணி ஷிப்ட். குவார்ட்டர்ஸ் வாசலில் டிபன் பாக்ஸ் தயாராக இருந்தது.

"தம்பி பர்மனெண்டா, காண்ட்ராக்டா?"

"ரெண்டும் இல்லீங்க. கூப்பிட்டா போய் வாசிப்பேன்."

"அதுக்குப் பேருதான் காண்ட்ராக்ட்" என்றவர், நான் கையோடு கொண்டுபோயிருந்த பெட்டியைக் காட்டினார். "எங்க, வாசிங்க. சும்மா பேசிக்கினு இருந்தா எப்படி?"

நல்ல காரியமாயிற்றே என்று யூதக் கல்யாண மெட்டு ஒன்றை எடுத்தேன். அது முதலில் அழும், அப்புறம்தான் ஆடும். அழுது முடிப்பதற்குள் மலர்விழியின் அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்து, "யாருக்கு என்னாச்சுங்க?" என்றார்.

நான் பதறிப்போய் ரஷ்ய ஆட்டத்துக்குத் தாவினேன். வேகமாக இழுத்ததில் ஒரு கட்டை உள்ளே போய் மாட்டிக்கொண்டது. பெட்டி ஒரே சுரத்தில் அலறியது. விட்டால் தொங்கிக்கொண்டு அலறியது, அமுக்கினால் அதைவிடப் பலமாக அலறியது. காற்றைச் சத்தமில்லாமல் வெளியேற்ற ஒரு பொத்தான் உண்டு. (அப்படி ஒன்று இருப்பது எனக்கு மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.)

மலர்விழியின் அப்பா சடாரென்று எழுந்தார். இத்தனை வருஷமாக அவருக்குச் சுரங்கத்தில் ஊதும் ஷிப்ட் சங்குதான் கடிகாரம், சுவரில் இருப்பது அலங்காரத்துக்கு. அது பன்னிரண்டைக்கூடத் தொடவில்லை.

"சங்கு ஊதிட்டான். கடியாரம் நின்னுபோச்சாட்டம் இருக்குது" என்றபடி செருப்பை மாட்டினார். டிபன் பாக்ஸோடு ஸ்கூட்டரில் பறந்துவிட்டார். எதிர் வீட்டுக்காரரும் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பின்னால் ஓடினார்.

ஒழிந்தது கல்யாணம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். மலர்விழி தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி, மாட்டிய கட்டையை நெம்பி எடுத்தாள். வீடு அமைதியானது.

"இதுக்கு முன்னாடி வந்தவங்களை எல்லாம் கேள்வி கேட்டே ஓட வச்சாரு. அவரையே ஓட வச்சது நீங்கதான்" என்றாள்.

அரை மணி நேரத்தில் அவர் திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல் நாற்காலியைப் பார்த்துப் பேசினார். "சுரங்க கேட்டுல சிரிக்கிறானுவ. சர்வீஸ்ல நான் சீக்கிரம் போனது இன்னிக்குத்தான்." டிபன் பாக்ஸை இறக்கி வைத்தார். பிறகு மனைவியிடம், "தாம்பூலத் தட்டு எடுத்தா. நம்மளையே கெளப்பிவுட்டவரு, பொழைச்சிக்குவாரு" என்றார். அப்பாடா என்று நான் விட்ட மூச்சுக்குப் பெட்டியே இன்னொரு முறை வாசித்திருக்கும்.

அதிலிருந்து நான் பெட்டியைத் திறந்தாலே மாமியார், "டிபன் கட்டட்டுமா?" என்பார்.

போன மாதம் மாமனார் ரிடையர் ஆனார். மாலை மரியாதையெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"மாப்ள, அன்னிக்கு அலறுச்சே, அத ஒருவாட்டி ஊதுங்க."

அந்தக் கட்டையை அழுத்திப் பிடித்து நீளமாக இழுத்தேன். எதிர் வீட்டில் கதவு திறந்தது. மாமனார் மட்டும் கால்மேல் கால் போட்டுக்கொண்டு காபியை ஆற்றினார்.

"ஊதட்டும்" என்றார். "எவன் எழுந்திருக்கிறான்."