காட்டைக் கூட்டிய கதை

யாராவது வீட்டுக்கு வருகிறார்கள் என்றால் எனக்குப் புத்தி வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும். (புத்தி அதற்கு முன்பும் பெரிதாக வேலை செய்ததில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டுவிட்டது.)

அப்பா செத்து, புங்குடுதீவில் நானும் அம்மாவும் மட்டும் இருந்த நேரம். சும்மா இருந்தால் அழுகை வரும். அதனால் எதையாவது துடைத்துக்கொண்டே இருப்பேன். வீட்டுக்குப் பின்னால், வெளிநாடு போனவர்களின் வளவுக் காணி ஒன்று காடாகிக் கிடக்கிறது. அப்பாதான் அதைப் பார்த்து வந்தவர். அங்கே கம்பஸில், அதுதான் பல்கலைக்கழகத்தில், பூச்சிகளைப் பற்றிப் படிக்கிற தர்சினி அக்கா வந்து, கஞ்சலை, உதிர்ந்து கிடந்த இலைக்குப்பையை, கிளறி ஒரு பூச்சி பிடித்தார். குட்டைவால் சவுக்குத்தேளாம். அரிசியளவுதான். கண்ணும் இல்லை, கொடுக்கும் இல்லை.

"இது பெண், தம்பி. ஆணின்ரை வாலைப் பாத்தால்தான் என்ன இனமெண்டு சொல்லலாம். சனிக்கிழமை எனக்குப் படிப்பிக்கிற சேரோடை வாறன். வெயில் துவங்கினா இதுகள் மண்ணுக்குள்ளை போயிடும். ஆண் கிடைக்காட்டி என்ரை படிப்பு அவ்வளவுதான்."

செத்தவீட்டுக்கு அல்லாமல் எங்கள் வாசலுக்கு வரப்போகும் முதல் ஆட்கள்! வெள்ளிக்கிழமை விடியவே விளக்குமாற்றை எடுத்தேன். காடு முழுக்கக் கூட்டினேன். அள்ளி எரித்தேன். சாணித்தண்ணீரும் தெளித்தேன். தேர்த்திருவிழாவுக்குக்கூடக் கோயில் வீதி அவ்வளவு துப்புரவாக இருந்திருக்காது.

சனிக்கிழமை சேரோடு வந்த அக்கா அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி... இஞ்சை கிடந்த கஞ்சல் எங்கை?"

"எரிச்சிட்டன் அக்கா. இப்ப வடிவாயிருக்கெல்லோ?"

சேர் ஒரு வேரில் குந்திவிட்டார். தேத்தண்ணியோடு வந்த அம்மா பதறினார். "ஏன் பிள்ளை, இன்னும் கஞ்சல் கிடக்கோ?"

அக்காவின் கண் கலங்கியதைக் கண்ட பிறகுதான், அவர் தேடி வந்த பூச்சியையும் சேர்த்து எரித்துவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. நான் கூட்டாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று, அந்த வளவுத் தென்னம்பிள்ளை அடியில் அப்பா கஞ்சலை அள்ளிக் குவித்திருந்தார். அதில் விளக்குமாறு வைக்க மனம் வரவில்லை.

"அது அப்பா போட்டது அக்கா..." என்று கையைக் காட்டினேன்.

அம்மாதான் சொன்னார். "கிளறும், பிள்ளை. அவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

அக்கா ஒவ்வொரு இலையாக எடுத்தார். அடியில், ஈர மண்ணில், முன்காலை நீட்டித் தடவித் தடவி ஒன்று நடந்தது.

"ஆண், சேர்! ஆண்!"

"ஆம்பிளைப் பிள்ளையோ?" என்றபடி அம்மா குசினிக்குள் ஓடிப்போய்க் கற்கண்டு எடுத்து வந்தார். அப்பா போனபிறகு அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்த ஆம்பிளைப் பிள்ளையைப் போத்தலுக்குள் போட்டுக் கம்பஸுக்குக் கொண்டு போனார்கள். இந்தக் கதையைக் கேட்ட அம்மாவின் தம்பி, கனடா மாமா, இப்போதும் போன் எடுத்தால் முதலில் கேட்பது, "அக்கா, பிள்ளையள் என்ன செய்யினம்?"

"சின்னவன் கம்பஸிலை," என்பார் அம்மா. "மூத்தவன் விளக்குமாத்தோடை நிக்கிறான்."