பெஞ்சு இழுபட்ட தூரம்

பெருமதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்குத் தங்கள் தங்கையின் கணவன் பணிவன்புடன் எழுதிக்கொண்டது. தங்கள் நலமும், அக்காவின் மூட்டுவலி நலமும் அறிய ஆவல். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை வரவில்லை. ஆகவே நலத்தை அந்தப் பக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளவும்.

விபத்தாமே, போலீஸாமே, என்னதான் நடந்தது என்று போனில் கேட்டீர்கள். உங்கள் காது இருக்கும் இருப்பில் போனில் பதில் சொன்னால் தெரு முழுக்கத் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன ஞாயிறு காலை எட்டு மணிக்கு மிக்ஸியை ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்று கிளம்பினோம். நீங்கள் ஆசையாகக் கொடுத்த அதே பழைய கார்தான். எங்கள் சந்தில் வண்டியைத் திருப்ப இடமில்லை, பின்பக்கமாகவே எடுக்க வேண்டும். சந்து முனையில் டெய்லர் கடை. அவர் வாசலில் மரப்பெஞ்சு போட்டு உட்கார்ந்து யாருடைய சட்டைக்கோ பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். உங்கள் தங்கை இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள், ஒரு பிள்ளையின் டிபன் பாக்ஸ்கூடக் கவிழாமல் கொண்டுபோய் இறக்குகிறவள், அன்றைக்குப் பார்த்துப் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்தாள். பிரேக்கை மிதிக்க வேண்டிய நேரத்தில் ஆக்ஸிலேட்டரை மிதித்து, பெஞ்சையும் டெய்லரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் நிறுத்தினாள். டெய்லருக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. தையல் மெஷினை மிதிக்கிற கால். மூன்று மாதம் ஊன்றவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும் என்று தெருக்காரர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். சறுக்குகிற யானை டெய்லர் மேலேயா வந்து விழ வேண்டும்? எனக்கு அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை.

டெய்லரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் திரும்பினால் கான்ஸ்டபிள் வந்து நிற்கிறார். "யாரு ஓட்டுனது?" என்றார். "நான்தான் சார்" என்றாள் உங்கள் தங்கை. அவரும் எழுதிக்கொண்டார். அதோடு முடிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் அவர் பெஞ்சு இழுபட்ட தடத்தைக் காலாலேயே அளந்து "நாலு தப்படி" என்று எழுதினார். மச்சான், நான் முப்பத்தொரு வருடம் எடையளவு இன்ஸ்பெக்டராக இருந்தவன். எடைக்கல்லில் இரண்டு கிராம் குறைந்தாலும் கடையைப் பூட்ட வைத்தவன். அரசாங்கக் காகிதத்தில் ஒருவர் தப்படி என்று எழுதுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா நிற்க முடியுமா? வீட்டுக்குள் ஓடி, முத்திரை போட்ட என் ஸ்டீல் டேப்பை எடுத்துவந்தேன். உங்கள் தங்கை கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றாள், நான்தான் கவனிக்கவில்லை. ஒரு முனையைக் கான்ஸ்டபிளையே பிடிக்கச் சொல்லி, இரண்டு முறை அளந்து சரிபார்த்துச் சொன்னேன்: ஐந்து மீட்டர் எண்பது சென்டிமீட்டர். அவரும் அடித்துவிட்டுத் திருத்தி எழுதினார்.

பிறகு ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் காத்திருந்தோம். அங்கே எங்களுக்குக் காட்டிய பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை. ஆடிக்கொண்டே இருந்தது, எனக்குப் பொறுக்கவில்லை. கீழே கிடந்த காகிதம் ஒன்றை நாலாக மடித்து முட்டுக் கொடுத்தேன். அது வேறு யாரோ கொடுத்த புகார் மனு என்பது, ஸ்டேஷனே சேர்ந்து அதைத் தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. இப்படியாக எஸ்.ஐ. எங்களைக் கூப்பிடும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது.

காகிதத்தைப் படித்தார். "நாலு தப்படின்னா தெரியாம இடிச்சிட்டாங்கன்னு எழுதி முடிச்சிருப்பேன். ஆறு மீட்டர்கிட்ட வருதேம்மா! இது கண்ணு மண்ணு தெரியாம ஓட்டுனது. கேஸே வேற" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீங்க சும்மா இருந்திருக்கலாம் சார்" என்றார்.

"அவரால முடியாது சார்" என்றாள் உங்கள் தங்கை.

மறுநாள் பிரேக்கைச் சோதிக்க எஸ்.ஐ.யே வீட்டுக்கு வந்தார். ஆறடி ஆள். டிரைவர் சீட்டில் காலை நீட்டிச் சௌகரியமாக உட்கார்ந்தார். குனிந்து பெடலைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த சீட்ல உங்களுக்குக் கால் எட்டுதா?" என்று கேட்டார். "எட்டி மிதிப்பேன் சார், பழக்கம்தான்" என்றாள். அவர் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். "பள்ளிக்கூட வேனையும் இப்படி எட்டி எட்டித்தான் மிதிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டது. கேஸ் முடியும்வரை வர வேண்டாமாம். தீர்ப்பு பாதகமாக வந்தால் லைசென்ஸும் போகும், வேலையும் போகும். உங்கள் தங்கை காலை ஐந்தரைக்கு எழுந்து, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டு, மாட்டிவைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டெய்லர் கட்டுப்போட்ட காலை மேலே தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். ஏசுவார் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். "அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். "நாளன்னைக்கு எங்கிட்ட வாக்குமூலம் வாங்க வராங்களாம் சார்" என்றார். "டேப் வெச்சு நீங்களே அளந்தீங்களாமே?" ஆமாம் என்றேன். "எல்லாத்தையும் அளந்தீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். வாங்கிப்போன பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் மச்சான் அவர்கள் ஒருமுறை நேரில் வந்து, வண்டி எடுக்கும்போது பின்னால் பார்க்க வேண்டும் என்று தங்கள் தங்கைக்கு நாலு வார்த்தை புத்தி சொல்லிப் போகவும். நீங்கள் சொன்னால் கேட்பாள். அக்காவுக்கு என் வணக்கங்கள், பிள்ளைகளுக்கு ஆசிகள். எல்லோரும் நீண்ட ஆயுளோடும், கூடுமானவரை கால்நடையாகவும் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் மறவாத,
தங்கையின் கணவன்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். வண்டியை எடுத்தது நான். போன வருடம் கண் பரிசோதனையில் மேல் வரிசை எழுத்தே எனக்குத் தெரியவில்லை. லைசென்ஸைப் புதுப்பித்துத் தரவில்லை. அதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டேன். அன்றைக்கு அவள் மிக்ஸி மூடியை எடுக்க உள்ளே போனாள். அதற்குள் வண்டியைச் சந்துக்கு வெளியே நிறுத்திவைப்போமே என்று உட்கார்ந்தேன். மீதி உங்களுக்குத் தெரியும். அவள் ஓடிவந்து டெய்லரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள். "நீங்க வாயத் திறக்காதீங்க. லைசென்ஸ் இல்லாம ஆள இடிச்சா உள்ள தூக்கி வெச்சிருவாங்க. எனக்குன்னா அபராதத்தோட போயிடும்" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தோம். என் காலுக்கு ஏற்றபடி நான் பின்னால் தள்ளிய சீட்டை முன்னால் இழுத்துவைக்க இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. கல்யாணப் போட்டோவில் என் தோளுக்கு எட்ட வேண்டும் என்று உங்கள் தங்கையை முக்காலிமேல் ஏற்றிவிட்டவர் நீங்கள்தானே.

நாளைக் காலை பத்து மணிக்கு ஸ்டேஷனுக்குப் போகிறேன். அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டாள். டெய்லர் வாயால் பொய்யோ உண்மையோ வருவதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும். நான் திரும்பி வருவேனா என்று தெரியவில்லை. உடனே கிளம்பி வந்து உங்கள் தங்கைக்குத் துணையாக இருங்கள். புத்தி எதுவும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து ஒழுங்காக எழுதியிருக்கலாம். அதற்குள் இருக்கிற தைரியமும் போய்விடும் என்று அப்படியே அனுப்புகிறேன். உங்கள் தங்கையைப் பற்றி மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டுப் படியுங்கள். அந்த ஐந்து மீட்டர் எண்பது மட்டும் சரியான அளவு.