கஸ்பர் வீட்டுக் கடலில் பச்சைப் பாசி

பாசியை ஒழித்தே தீருவதென்று கஸ்பர் முடிவெடுத்துவிட்டார். அதுவும் ஆறே நாளில்.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அவர் வீட்டு முன் அறை மூலையில் நாலடி நீளத்தில் ஒரு கடல் இருந்தது. கண்ணாடித் தொட்டிக்குள் உப்புத் தண்ணீர், உயிருள்ள பவளம், செம்மஞ்சள் உடம்பில் வெள்ளைப் பட்டி போட்ட இரண்டு மீன்கள். ஒரு காலத்தில் வந்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்த கடல். இப்போது பவளத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். பச்சைப் பாசி நீள நீளமாக வளர்ந்து, தண்ணீர் ஓட்டத்தில் அலைபாய்ந்தது. கஸ்பரின் தலையை விட்டுப் போன மயிரெல்லாம் அங்கே முளைத்துவிட்டதோ என்று பார்ப்பவர்கள் நினைத்தால் குற்றமில்லை.

மனைவி மாலினி இரண்டு வருடம் பொறுத்தாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. பொறுமையும் முடிந்தது.

“இஞ்சேருங்கோ, வாற சனிக்கிழமை மாதா எங்கட வீட்டுக்கு வாறா.”

பங்குக் கோவிலின் மாதா சுரூபம் ஒன்று வீடு வீடாகப் போகும். போகிற வீட்டில் செபமாலை, பிறகு பற்றிஸ், ரோல்ஸ், தேத்தண்ணி. மாதா ஓர் இரவு தங்கி, மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

“வரட்டும். நல்லதுதானே.”

“முப்பது பேர் வருவினம். அந்தத் தொட்டியைப் பாத்தா, வாய்க்கால் தண்ணியை அள்ளி முன் அறையில வச்சிருக்கினம் எண்டெல்லோ நினைப்பினம்.”

“அது பாசியப்பா. தண்ணியில பொஸ்பேற் எண்ட உப்பு கூடினா வரும். பொஸ்பேற்றைக் குறைச்சா ஓடிப்போடும்.”

“அப்ப குறையுங்கோ. சனிக்கிழமை வாறாக்களின்ர கண்ணில பச்சை பட்டுதோ, தொட்டி கராஜுக்கு.”

“படேல்லயெண்டா?”

“பிறகு நான் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டன்.”

மாலினி வாய் திறக்காத வாழ்க்கை ஒன்றைக் கஸ்பர் ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தார். சுகமாக இருந்தது. உடனே சம்மதித்தார்.

அன்றே வேலை தொடங்கியது. லண்டன் குழாய்த் தண்ணீரிலேயே பொஸ்பேற் இருக்கிறதென்று படித்தவர், சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே வடிகட்டி பூட்டினார். கல்லில் ஒட்டிய பாசியைப் பல் துலக்கும் பிரஷால் தேய்த்தார். மீன்களுக்குப் போடும் ஐஸ் இறாலை, உருகிய தண்ணீரோடு அப்படியே கொட்டியதுதான் பெரிய பிழை என்று கண்டுபிடித்து, அரிதட்டில் போட்டு அலசினார்.

“இருபத்திரண்டு வருசத்தில எனக்கு ஒரு மீன் கழுவித் தந்திருப்பியளோ?” என்றாள் மாலினி. “இப்ப மீனுக்கு இறால் கழுவிக் குடுக்கிறியள்.”

“இது விஞ்ஞானம், மாலினி. உமக்கு விளங்காது.”

பொஸ்பேற்றை அளக்க ஒரு சின்னக் குழாய் இருந்தது. தொட்டித் தண்ணீரை அதில் விட்டு, மருந்தைப் போட்டுக் குலுக்கினால் நீலம் வரும். பொஸ்பேற் கூடக் கூட நீலமும் கடுமையாகும். செவ்வாய்க்கிழமை மாலையும் அது மாதாவின் முக்காடு மாதிரி நீலமாக நின்றது. இரண்டு வருடமாகக் கல்லுக்குள் ஊறிய பொஸ்பேற் மெல்ல மெல்லத்தான் வெளியே வரும். ஒரு மாதமாவது பிடிக்கும். கஸ்பரிடம் நாலு நாள் இருந்தது.

வேறு யாராவது என்றால் மனம் உடைந்திருப்பார்கள். கஸ்பருக்குப் புதன்கிழமை காலை ரயிலில் போர்வை யோசனை வந்தது. தொட்டியை மூன்று நாள் மூடி வைத்தால் வெளிச்சமில்லாமல் பாசி வாடும், பவளம் தாங்கும். மீன் வளர்ப்பவர்கள் செய்கிற வைத்தியம்தான். அதைவிட முக்கியம், போர்வைக்குள் இருக்கும் பச்சை எவர் கண்ணிலும் படாது! கஸ்பர் தனியே சிரித்தார். பக்கத்தில் இருந்த பெண் எழுந்து வேறு இருக்கைக்குப் போனாள்.

வியாழன் விடிய மூடத் தொடங்கினார். மாலினி வந்து நின்றாள்.

“எத்தினை நாளைக்கு?”

“மூண்டு நாள்.”

“அதுக்கு மேல?”

“அதுக்கு மேல ஏலாது. பவளம் செத்துப்போம்.”

“ஓ…” என்றாள் மாலினி. பிறகு, “உந்தப் போர்வை நைஞ்சு போச்சு. மேல அல்மாரியில நல்ல கம்பளி கிடக்கு, எடுத்து வாறன்” என்றாள். கொண்டுவந்து மறுபக்கத்தைப் பிடித்தும் விட்டாள். தன் திறமையை மனைவி ஒருவழியாக உணர்ந்துவிட்டாள் என்று கஸ்பர் நினைத்தார்.

சனிக்கிழமை பின்னேரம் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மூடிய தொட்டியின் மேல் பலகை வைத்து, வெள்ளைச் சீலை விரித்து, பூ வைத்து, நடுவில் மாதாவை வைத்திருந்தாள் மாலினி. தொட்டி பீடமாகியிருந்தது. கஸ்பருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பீடத்தை யார் கராஜுக்கு அனுப்புவார்கள்? செபமாலையில் அவர் குரல்தான் எல்லார் குரலுக்கும் மேலே கேட்டது. வந்தவர்கள் அந்த மூலையைப் புகழ்ந்து படமும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

கதவைச் சாத்தியதும் கஸ்பர் திரும்பினார்.

“எப்பிடி? ஆரின்ரயாவது கண்ணில பச்சை பட்டுதோ?”

“இல்லையப்பா. நீங்கள் வெண்டிட்டியள்.”

இவ்வளவு சுலபமாக மாலினி தோற்றதை அவர் பார்த்ததில்லை.

“நாளைக்கு மாதா போனவுடன போர்வையை எடுத்திடுறன்.”

“மாதா நாளைக்குப் போகேல்லயே.”

“ஏன்?”

“அடுத்தது சட்டனில இருக்கிற றொசாந்தி வீடு. அவை குசினியை இடிச்சுக் கட்டுகினம், மூண்டு கிழமைக்கு ஏலாதாம். அதுவரைக்கும் எங்கட வீட்டிலயே இருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.”

“மூண்டு கிழமையோ! பவளம் என்னத்துக்கு ஆகும்? மாதாவை வேற இடத்தில வைப்பம்.”

“எங்க வைக்கிறது? ரேடியேற்றருக்கு மேலயோ, ரீவிக்கு மேலயோ? சனமெல்லாம் அந்த மூலையைப் படமெடுத்துக் கொண்டு போட்டுது.”

கஸ்பர் கம்பளியின் நுனியைத் தூக்கிப் பார்த்தார். பவளமெல்லாம் சுருங்கிக் கிடந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். கடைசியில் அவர் வாயிலிருந்தே அது வந்தது.

“அப்ப… தொட்டியைக் கராஜுக்குக் கொண்டுபோவம். இந்த மூலையில மேசையைப் போட்டு மாதாவை வைப்பம்.”

“நான் ஒண்டும் சொல்லேல்ல. நீங்களாத்தான் சொல்லுறியள்.”

“ஓம், நான்தான் சொல்லுறன். ஆனா கராஜில பிளக் இல்லையே. ஹீற்றர், லைற், பம்ப் எல்லாம் எப்பிடிப் பூட்டுறது?”

“இருக்கப்பா. கரண்ட் வேலை செய்யிற டினேஷ் வந்து நாலு பிளக் போட்டிட்டுப் போனவன்.”

“எப்ப?”

“செவ்வாய்க்கிழமை.”