பேட்டரிக்குப் பூச்சு வேலை

சாவியைத் திருப்பினால் கார் 'டிக்' என்றது. மறுபடி திருப்பினால் அதைக்கூடச் சொல்லவில்லை.

மேஸ்திரி ஸ்டீயரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டார். அன்று வியாழக்கிழமை. ஞாயிறு காலை பத்து மணிக்கு மாமனார் பஸ்ஸில் வந்து இறங்குகிறார். அவரைக் கூப்பிட்டு வர, பெண்டாட்டி இந்தக் காரில் போயாக வேண்டும்.

இருபத்திரண்டு வருஷத்து வீம்பு அது. செங்கல் சுமக்கிறவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் ஒற்றைக்காலில் நின்றபோது அவர் சொன்னார்: "என் பொண்ணு சொந்தக் கார்ல வந்து கூப்பிடட்டும், வர்றேன். அதுவரைக்கும் அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்."

மிதிக்கவில்லை. பேத்தி பிறந்தபோதுகூட ஆஸ்பத்திரியோடு திரும்பிவிட்டார். பிற்பாடு அவரே ஒரு கார் வாங்கி, தார்ப்பாய் போர்த்தி வைத்திருந்தார். மகள் போனால் போர்வையைத்தான் பார்த்துவிட்டு வருவாள்.

போன மாதம் ஒரு புரோக்கர், கட்டட வேலை நடக்கும் இடத்துக்கே தேடி வந்து, சாரத்துக்குக் கீழே நின்று, மேஸ்திரிக்கென்றே ஒரு வண்டி இருக்கிறது என்றான். பழைய வண்டி, புது வெள்ளைப் பெயிண்ட். மேஸ்திரி வாய்க்கு வந்த விலையைச் சொன்னார். அவன் தலையைக்கூடச் சொறியாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். மறுவாரமே மாமனாரிடமிருந்து போன்: கார் வாங்கியாச்சாமே, அடுத்த மாசம் வர்றேன் என்று. யார் வாய் வழியாகப் போய்ச் சேர்ந்ததோ. அன்றிலிருந்து பெண்டாட்டி வீட்டை இரண்டு தடவை கழுவிவிட்டாள். முதல் சவாரி அப்பாவைக் கூப்பிடத்தான் என்று அவள் சொன்னதால் கார் நின்ற இடத்தில் நின்றது.

பேட்டரிக் கடைக்காரர் வந்து பார்த்தார். ஓட்டாமல் போட்டதால் இறங்கிவிட்டது என்று சொல்லி, சார்ஜ் ஏற்றிக் கொடுத்தார். கூடவே பாடமும் நடத்தினார்.

"பேட்டரி மூணு நாலு வருஷம் வரும். பார்த்துக்கிட்டா அஞ்சு வருஷம்கூட உழைக்கும். தண்ணி குறையக் கூடாது. ஆடக் கூடாது. டெர்மினல்ல வெள்ளையா பூத்தா துடைச்சிடணும். வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்லா ஓட்டணும்."

"இதெல்லாம் எனக்கு நீ சொல்லணுமா? முப்பது வருஷமா கட்டடத்துக்கு இதைத்தான பண்ணிட்டிருக்கேன்," என்றார் மேஸ்திரி. நாலாவதை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார்.

அன்று சாயங்காலமே பேட்டரியை அசைத்துப் பார்த்தார். ஆடியது. அடித்தட்டு துருவேறியிருந்தது. மேஸ்திரிக்கு ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காது. ஒன்றுக்கு மூன்று என்று சிமெண்ட் கலவை போட்டு, செங்கல் துண்டு வைத்து, நாலு பக்கமும் அடைத்துப் பூசினார். ரசமட்டம் வைத்து மட்டமும் பார்த்தார்.

கலவை போட்டால் தண்ணீர் விடாமல் இருக்க முடியுமா? வெள்ளிக்கிழமை பேட்டரியின் தலைமேல் பாத்தி கட்டி, வாளித் தண்ணீரை நிறுத்தி, நனைத்த சாக்கைப் போர்த்தினார். கடைக்காரர் சொன்னதும் இதுதானே, தண்ணீர் குறையக் கூடாது.

சனிக்கிழமை சாக்கை விலக்கினால் டெர்மினல் இரண்டும் வெள்ளையாய்ப் பூத்திருந்தன. சுவரில் உப்புப் பூத்தால் என்ன செய்வார்களோ அதையே செய்தார். சுரண்டி, இரண்டு கை பூசி, மேலே ஒரு கோட் பிரைமரும் அடித்தார்.

பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, மூக்கையும் சேர்த்து அடைச்சிட்டா அது எப்படிங்க மூச்சு விடும்?"

"உனக்கு வேலை நுணுக்கம் தெரியாது, போ."

ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினார். கல்லுக்குள் ஈரம் இருந்தது, உயிர் இல்லை. பேட்டரிக் கடைக்காரர் புது பேட்டரியோடு பைக்கில் பறந்து வந்து, பானெட்டைத் திறந்து, கொஞ்ச நேரம் மரியாதையாக நின்றார்.

"யாரு தவறிட்டாங்க மேஸ்திரி?"

"விளையாடாத. புதுசை மாட்டு."

"எங்க மாட்ட? பழசு வெளிய வரணுமே. ஒயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னா டெர்மினலையும் காணோம்."

மேஸ்திரி உளியும் சுத்தியலும் எடுத்தார். ஒன்பதே கால் வரை அடித்தார். உளி மழுங்கியது, ரேடியேட்டரில் ஒரு ஓட்டை விழுந்தது, பூச்சில் ஒரு கீறல்கூட விழவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கைவேலையைத் தானே வைதார். உள்ளே தலை வாரிக்கொண்டு நின்ற பெண்டாட்டி சீப்பை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அவரிடம் வேலை செய்யும் சித்தாள் அக்கா மூன்று ஆட்களோடு வந்து சேர்ந்தாள்.

"நீங்க கட்டினது இன்னைக்கு இடியாது மேஸ்திரி. தள்ளிருவோம்."

தள்ளினார்கள். பெண்டாட்டி பின்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஹாரன் அடிக்காததால் மேஸ்திரியே ஜன்னலில் தலையை நீட்டி "பாம் பாம்" என்று கத்தினார். வழியில் ஒரு சைக்கிள் அவர்களை முந்திக்கொண்டு போனது. பஸ் நிலையத்துத் திருப்பத்தில் சித்தாள் அக்கா கடைசியாக ஒரு மூச்சுத் தள்ள, நாலு பேரும் காருக்குப் பின்னால் குந்திக்கொண்டார்கள். கார் தானாக உருண்டு வந்து, பையோடு நின்றிருந்த மாமனாரின் முன்னால் நின்றது.

பெண்டாட்டி இறங்கினாள். இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்திருந்த பேச்செல்லாம் மறந்துபோய், "வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்," என்று மட்டும் சொன்னாள்.

கிழவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தலையை ஆட்டினார். பிறகு காரைச் சுற்றி வந்து, பின்னால் குந்தியிருந்த நாலு பேருக்கும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, முன்னால் போய்க் கொக்கியைத் தேடாமலே பானெட்டைத் தூக்கினார். உள்ளே வெள்ளையடித்து நின்ற கட்டடத்தை வெகுநேரம் பார்த்தார். விரலால் சுண்டிப் பார்த்தார்.

"நான் புரோக்கர் கையில விட்டப்போ பேட்டரி நல்லாத்தான இருந்துச்சு, மாப்ளே?"