செங்கமலம் வீடு திரும்ப வேண்டும்

ராஜவேல் வைத்த சாம்பார் மறுபடியும் ரசமாகிவிட்டது. மனைவி சுமலதாவுக்குப் போன் செய்தான்.

"பருப்ப மசிச்சீங்களா?"

"மசிக்கணுமா?"

முதலியார்பேட்டையிலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு வாரம். இருவருமே வேலைக்குப் போகிறவர்கள். ஆனால் ராஜவேல் அடுப்பங்கரைப் பக்கம் தலை வைத்தும் படுக்காதவன். டிவி தொடரில் செங்கமலம், "சமையல்ல பாதி உன்னுது" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுப் பெட்டியைத் தூக்கினாள். மறுநாள் சுமலதாவும் தூக்கினாள்.

"எப்பதான் வருவ?"

"செங்கமலம் எப்ப திரும்பறாளோ, அப்ப."

அந்தத் தொடரின் படப்பிடிப்பு துய்மா வீதியில் நடப்பதாகக் கேள்விப்பட்டதும், லீவு போட்டுவிட்டு நெல்லித்தோப்பிலிருந்து பைக்கை விரட்டினான்.

தெருக்கூட்டமாக நிற்க ஆள் எடுத்தார்கள். நின்றான். செங்கமலம் நிமிர்ந்த தலையோடு கூட்டத்தைக் கடந்து போக வேண்டும். பக்கத்தில் வந்ததும் ராஜவேலுக்குத் தாங்கவில்லை.

"வூட்டுக்குப் போம்மா! அந்தாளு பாவம்!"

"கட்! யாருய்யா அது?"

டைரக்டர் முன் நிறுத்தினார்கள். கைகூப்பிக் கதையைச் சொன்னான். உப்பு, புளி, கருகிய குக்கர், எல்லாம். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது.

டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "இதான்யா வேணும்! செங்கமலம் புருஷனும் இப்டியே அழுவறான். ஒரு மாசம் ஓட்டலாம்."

"ஐயோ சார், அழ வுடாதீங்க! அவருக்குச் சமைக்கத் தெரியும்னு வச்சி முடிச்சிடுங்க. நானே இப்ப கத்துக்கலியா?"

"கத்துக்கறானா? பிரமாதம். இன்னும் ரெண்டு மாசம்!"

ராஜவேல் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டான். செங்கமலத்துக்கு டச்சப் செய்யும் ஆஷ்லின், உள்ளூர்ப் பெண், தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"அழுவாதீங்கண்ணே. நேத்தே செங்கமலத்தையும் புருஷனையும் சேத்து வச்சிருப்பாங்க. சீன் பேப்பர்கூட ரெடியா இருந்துது."

"அப்பறம் என்னா ஆச்சி?"

"முதலியார்பேட்டையிலேர்ந்து ஒரு அக்கா வந்தாங்க. 'அவசரப்பட்டு சேத்துடாதீங்க சார், எங்க வூட்டுக்காரரு இப்பதான் சாம்பாருக்கு வந்திருக்காரு, மீன்கொழம்பு வரைக்குமாவது போவட்டும்'னு கெஞ்சிட்டுப் போனாங்க."