மகள் கட்டிய மண்கல் வீடு

கோவில்பட்டி,
வைகாசி 9.

மதிப்பிற்குரிய கடம்பூர் காளீஸ்வரன் அண்ணாச்சி சமூகத்துக்கு மாயகிருஷ்ணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் சத்தியபாமாவும் மகள் பானுவும் முப்பத்திரண்டு ஆடுகளும் நலம். அங்கே தாங்களும் மதினியும் மாப்பிள்ளை செல்வகணேஷும் (அப்படி எழுதலாம் என்றே நினைக்கிறேன்) நலமாக இருக்க வேண்டும்.

மண் வீட்டில் பெண் எடுத்தால் ஊர் என்ன பேசும் என்று தாங்கள் தயங்குவதாகத் தரகர் சொன்னார். மண் வீடுதான் அண்ணாச்சி. கட்டியது என் மகள்.

பாலிடெக்னிக்கில் சிவில் படித்து வந்தவள், சூளைச் செங்கலே வேண்டாம், மண்ணில் கொஞ்சம் சிமெண்ட் கலந்து மெஷினில் அழுத்திய கல்லில் கட்டினால் வெக்கை உள்ளே இறங்காது என்றாள். மண்ணுக்கா பஞ்சம் என்று நான் நம் கரிசலையே வெட்டிக் கொடுத்தேன். நாலே நாளில் கல்லெல்லாம் பாளம் பாளமாக வெடித்தது. "கரிசல் பருத்திக்குத்தாம்ப்பா ஆவும், செவுத்துக்கு ஆவாது" என்று செம்மண் கேட்டாள். செம்மண் ஏற்றி வந்த டிராக்டரை மண் கடத்தல் என்று போலீஸ்காரர்கள் மறித்துவிட்டார்கள். வீடு கட்டத்தான் என்றேன். அப்படியானால் செங்கல் எங்கே என்றார்கள். இந்த மண்தான் கல் என்று நான் விளக்க விளக்க அவர்களுக்கு என்மேல் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. அனுமதி வாங்கிக் கல் அறுத்துக் காயப்போட்டால், ஆடுகள் அதன்மேல் ஏறி நின்று ஊரை வேடிக்கை பார்த்தன. வங்கியில் வீட்டுக் கடன் படிவத்தில் சுவருக்குச் செங்கல், கான்கிரீட், குடிசை என்று மூன்றே கட்டம். மேலாளர் குடிசையில் டிக் அடித்துவிட்டு, குடிசைக்குக் கடன் கிடையாது என்றார். பானு கல்லைச் சோதித்த தாளோடு ஒன்பது தடவை போனாள். பத்தாம் தடவை அவர் பேனாவால் நாலாவது கட்டம் ஒன்று வரைந்து அதில் டிக் அடித்தார்.

பாதிச் சுவர் எழும்பியபோது, இந்தக் கல்லுக்குப் பூச்சே வேண்டாம் என்று பானு சொன்னதும், சங்கரபாண்டி கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பூசாம விட்டா, கொத்தனாருக்குப் பூசத் தெரியலன்னுல்லா சொல்லுவாவ" என்றார். பானு கரண்டியை எடுத்து மூன்று வரிசை கட்டினாள். கொத்தனார் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார். பிறகு கரண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. நான் சுவரைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "நம்பலையாப்பா?" என்று கேட்டாள். நான் இன்னொரு தடவை சுவரைத் தடவினேன். அதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். நாலாம் நாள் வெயிலடித்தது. சுவரில் ஒரு கீறல் இல்லை. கரிசலைத் தோண்டி எடுத்துச் சரளும் மணலும் நிரப்பி அவள் போட்ட அஸ்திவாரம் அரை விரல்கூட அசையவில்லை. எங்கள் வம்சத்தில் ஆடு மேய்த்தவர்கள் உண்டு, வீடு கட்டியவர்கள் இல்லை. இவள்தான் முதல் ஆள்.

ஆகவே மதினியோடு ஒரு நாள் வந்து, மத்தியானப் பொழுது எங்கள் வீட்டில் இருந்துவிட்டு, பிறகு தங்கள் முடிவைச் சொல்லுங்கள். உங்கள் ஊர்ப் போளி பேர்போனதுதான், ஆனாலும் வாங்கி வர வேண்டாம். தங்கள் குடும்பம் ஆலாய்ப் பெருக வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மாயகிருஷ்ணன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் மாப்பிள்ளை பானுவுக்கு போன் செய்தார். கல்யாணப் பேச்சு இல்லை. தங்கள் மாடி வீட்டில் வெக்கை தாங்கவில்லையாம். தோட்டத்தில் தனியாக ஒரு மண்கல் வீடு கட்டித் தர முடியுமா என்று கேட்டார். வருகிற வெள்ளிக்கிழமை பானு மண் பார்க்க அங்கே வருகிறாள். தாங்கள் இங்கே வந்து அலைய வேண்டியதில்லை. அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால், இதைப் படித்ததாகத் தாங்கள் காட்டிக்கொள்ள வேண்டாம்.